தெளிந்த நீரும் தூய நீரும்

2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சிக்கு அணிகலனாக விளங்குவது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய இதில் தோன்றும் கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகள் கீழிறங்கி வந்து சமவெளியை வளப்படுத்துகின்றன. பெருமழை பெய்யுங்கால் மலையோடைகள் செம்மண் கரைந்து கலங்கிப் பாய்கின்றன. மழை நின்ற சில நாட்களில், அடியிற் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம் என்னும்படி தெளிந்துவிடுகின்றன. அந்நீரைத் தூய்மை செய்தவர் யாவர்? ஓடையே தன்னைத் தூய்மை செய்துகொண்டது.

மலையோடை நான்கு தொழில்களை இடைவிடாது இயற்றுகின்றது. பாறையினின்று விழும்போது காற்றைத் தன்னுள் கலந்துகொள்கின்றது. மடுக்களில் தங்கும்போது மண்ணையும் சருகையும் அடியிற் படிய விடுகின்றது. கற்களினூடே நுழைந்து செல்லும்போது, அக்கற்களின்மேல் வாழும் நுண்ணுயிர்களிடம் தன்னிற் கரைந்த கழிவுகளை ஒப்படைக்கின்றது. கரையோரச் செடிகளின் வேர்களுக்கு எஞ்சிய உரத்தை ஊட்டுகின்றது. இந்நான்கும் நடைபெறுவதால்தான் ஓடையில் மீன்கள் நலமாக வாழ்கின்றன.

வீட்டின் புழக்கடையில் நாம் அமைக்கும் சிறு குளத்திலோ இவற்றுள் ஒன்றும் தானாக நடைபெறுவதில்லை. அங்கே நீர் ஓடுவதுமில்லை, விழுவதுமில்லை. மீன் உண்ணும் அந்த நீரிலேயே அதன் கழிவும் சேர்கின்றது. ஆகவே, ஓடை செய்யும் பணியைக் குளத்தின் உரிமையாளர் செய்தல் வேண்டும். அதனைச் செய்யும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

வண்ணக் கெண்டை

அழகுக்காகக் குளங்களில் வளர்க்கப்படும் மீன்களுள் பெரும்புகழ் வாய்ந்தது கோய் என்னும் வண்ணக் கெண்டை. ஜப்பான் நாட்டின் நீகாத்தா மாநிலத்தில் யமகோஷி என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்குள்ள உழவர்கள், குளிர்காலத்தில் உணவாகும்பொருட்டு வயலை அடுத்த குட்டைகளில் கெண்டை மீன்களை வளர்த்துவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கெண்டைகளிடையே சிவப்பும் வெண்மையும் கலந்த சில குஞ்சுகள் தோன்றின. அவற்றைத் தெரிந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினர். 1914-ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் நிகழ்ந்த கண்காட்சியில் இவை வைக்கப்பட்டபின் இவற்றின் புகழ் நாடெங்கும் பரவியது. மலைநாட்டு உழவர் வீட்டுக் குட்டையில் பிறந்த மீன் இன்று உலகெங்கும் உள்ள பூங்காக்களை அணிசெய்கின்றது.

கெண்டையினத்தின் உறவு நம் நாட்டுக்கும் உண்டு. 1939-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து உதகமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்ட சாதாக் கெண்டை இவ்வினத்தைச் சேர்ந்ததே. சென்னையில் உள்ள கொளத்தூர் இன்று வண்ண மீன் வளர்ப்புக்குப் பெயர் பெற்றுள்ளது. கோய் மீன் தக்க முறையில் பேணப்பட்டால் இரண்டடி நீளம் வரை வளரும். பல ஆண்டுகள் உயிர்வாழும். கையளவு குஞ்சாக வாங்கும்போதே இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

புதிதாகக் குளம் அமைப்போர் பலர், நீர் தெளிவாக இருந்தால் போதும் என்று எண்ணுகின்றனர். மீன்கள் இறக்கும்போது, 'நீர் கண்ணாடிபோல் இருக்கின்றதே!' என்று வியக்கின்றனர். இங்கேதான் நாம் ஓர் உண்மையை உணரவேண்டும்: தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று.

மீன் தான் உண்ட புரதத்தின் கழிவைப் பெரும்பாலும் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியிடுகின்றது. எஞ்சிய இரையும் விழுந்த இலையும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகின்றது. இஃது உப்பைப்போல் நீரில் கரைந்து நிற்பது, கண்ணுக்குத் தெரியாது, துணியால் வடித்தாலும் நீங்காது. வறண்ட காடுகளில் வளரும் தேற்றா மரத்தின் கொட்டையைக் கலத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தல் நம் முன்னோர் கண்ட அரிய முறை. ஆயினும், அக்கொட்டை மிதக்கும் மண்ணைத்தான் படியவைக்கும். கரைந்த அம்மோனியாவை அகற்றாது.

அம்மோனியாவின் கொடுமை நீரின் காரத்தன்மையைப் பொறுத்து மிகும். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 என்னும் நடுநிலை நீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. பி.எச். 9 ஆகும்போது மூன்றில் ஒரு பங்குக்குமேல் நஞ்சாகிவிடும். புதிய சிமெண்டுக் குளத்திலிருந்து சுண்ணாம்பு கரைவதால் நீரின் காரத்தன்மை உயரும். எனவே புதுக்குளத்தில் நீரை நிரப்பி, சில நாள் வைத்திருந்து, பின் வெளியேற்றிவிடவேண்டும். இவ்வாறு பலமுறை செய்து, பி.எச். அளவு உயராமல் நிலைத்தபின்னரே மீன்களை விடுதல் வேண்டும்.

காணாத பணியாளர்

இந்நஞ்சை அகற்றுவோர் யாவர் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர்களாகிய ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர் 1877-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். அவர்கள் மணல் நிரப்பிய குழாயின் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்லச் செலுத்தினர். இருபது நாள் வரை அம்மோனியா மாறாமலே வெளிவந்தது. பின்னர்த் திடீரெனக் குறையத் தொடங்கியது. அதற்கு ஈடாக நைட்ரேட்டு என்னும் உப்பு தோன்றியது. இது வெறும் இரசாயன மாற்றமாயின் முதல் நாளிலேயே நிகழ்ந்திருக்கவேண்டும் அன்றோ? இருபது நாள் தாமதம் ஏன்? மணலில் ஏதோ ஓர் உயிர் குடியேறிப் பெருகுவதற்கு அத்தனை நாட்கள் ஆயின என்று அவர்கள் கருதினர். குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுபோனது அவர்கள் கருத்தை உறுதிப்படுத்தியது.

1890-ஆம் ஆண்டையொட்டி ருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி அவ்வுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றது. அதுவும் மீனுக்கு நஞ்சே. மற்றொருவகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு. செடிகளுக்கு அது நல்ல உரம். இவ்விரு கூட்டத்தாரே மலையோடைக் கற்களிலும் நம் வடிகட்டியிலும் உழைக்கும் காணாத பணியாளர்.

இப்பணியாளருக்குப் பிராணவாயு மிகுதியாக வேண்டும். வெந்நீரைவிடத் தண்ணீரே பிராணவாயுவை மிகுதியாகத் தாங்கும். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கொள்ளும். 30 பாகையில் 7.5 மில்லிகிராமே கொள்ளும். நம் சமவெளியின் கோடைக்காலத்தில் குளத்துக்கு ஓரளவு நிழலும், நீர் ஓயாமல் விழுந்து கலத்தலும் இன்றியமையாதன என்பது இதனால் விளங்கும்.

வடிகட்டி அமைத்தல்

பத்தடி நீளமும் ஆறடி அகலமும் நான்கடி ஆழமும் உள்ள குளத்தின் கொள்ளளவு 240 கனஅடி. அஃதாவது ஏறத்தாழ 6,800 லிட்டர். வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் எனக் கொண்டால், இக்குளம் ஆறு மீன்களுக்கே இடம் தரும். குளத்து நீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டியின் வழியே சென்று திரும்பவேண்டும் எனின், மணிக்கு 3,400 லிட்டர் இறைக்கும் மோட்டார் தேவை.

பெரிய பீப்பாய்களை வரிசையாக இணைத்து வடிகட்டி அமைக்கலாம். குளத்தின் அடியிலிருந்து வரும் நீர் முதற்பீப்பாயில் மெல்லச் சுழன்று தங்கட்டும். மலை மடுவிற்போல அங்கே கசடு அடியிற் படியும். அதனை வெளியேற்ற அடியில் ஒரு குழாய் வேண்டும். இரண்டாம் பீப்பாயில் நைலான் வலைத் துண்டுகளை அடைத்தால், படியாமல் மிதந்துவரும் தூசு அவற்றிற் சிக்கும். மூன்றாம் பீப்பாயில் கருங்கல் ஜல்லி, உடைந்த ஓடு முதலியவற்றை நிரப்புக. இதுவே நுண்ணுயிர்களின் குடியிருப்பு. நான்காவதாகக் கல்வாழை போன்ற செடிகளை நட்ட ஆழமற்ற தொட்டி ஒன்று அமையுமாயின், அவற்றின் வேர்கள் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும். இறுதியில் நீர் ஒரு கற்படியினின்று குளத்துள் விழுதல் வேண்டும். உற்றுநோக்கினால், கல்வராயன் மலையோடையின் நான்கு தொழில்களையும் நம் கொல்லையில் அமைத்துவிட்டோம் என்பது புலனாகும்.

காக்கும் முறை

வடிகட்டி அமைத்த அன்றே எல்லா மீன்களையும் விடலாகாது. நுண்ணுயிர்கள் குடியேறப் பல வாரங்கள் ஆகும். முதலில் ஓரிரு மீன்களை விட்டு, இரையைக் குறைத்து இட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாமற் போனதைச் சோதனைத் துளிகளால் அறிந்தபின் மற்றவற்றைச் சேர்க்கவேண்டும். அவசரம் மீனுக்கு நமன்.

கெண்டைக்கு இரைப்பை இல்லை. ஆகையால் ஒரே வேளையில் மிகுதியாக இடுவதினும், சிறிது சிறிதாகப் பலமுறை இடுவதே நன்று. ஐந்து நிமிடத்தில் உண்டு முடிப்பதற்குமேல் இடும் இரை மீனுக்கு உணவாவதில்லை, நீருக்கு நஞ்சாகின்றது.

வாரம் ஒருமுறை குளத்து நீரில் பத்தில் ஒரு பங்கை மாற்றுதல் வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரைத் திறந்த தொட்டியில் ஓரிரு நாள் வைத்திருந்து பின்னர் ஊற்றுக. ஆழ்குழாய்க் கிணற்று நீரிற் பிராணவாயு குறைவாதலின், அதனை உயரத்திலிருந்து விழச்செய்து சேர்க்கவேண்டும். வெளியேற்றும் நீரைச் சாக்கடையில் விடாது தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சினால் உரச்செலவு குறையும்.

வலைத் துண்டுகளை அடிக்கடி அலசலாம். ஜல்லியை மட்டும் பளபளக்கத் தேய்த்துக் கழுவுதல் பெருந்தவறு. அதன்மேல் உள்ள வழுவழுப்பை அழுக்கென்று எண்ணிக் குழாய்நீரால் கழுவினால், ஆயிரமாயிரம் பணியாளரை ஒரு நொடியில் அழித்தவராவோம். அடைப்பு ஏற்பட்டால் பாதி ஜல்லியை மட்டும் குளத்து நீரிலேயே மென்மையாக அலசி, சில வாரங்கள் கழித்து மறுபாதியை அலசுதல் வேண்டும்.

இரவிலும் மோட்டாரை நிறுத்தலாகாது. இரவில் பாசியும் பிராணவாயுவையே உட்கொள்வதால் விடியற்காலையில் அதன் அளவு மிகக் குறைந்திருக்கும். அவ்வேளையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவித்தால், மின்சாரம் வரும்வரை காத்திராமல், வாளியால் நீரை முகந்து உயரத்திலிருந்து ஊற்றுக. மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டிருந்தால், வடிகட்டியில் தேங்கிக் கெட்ட நீரைக் கீழே விட்டபின்னரே மோட்டாரை இயக்கவேண்டும்.

மற்றொன்றும் மறத்தலாகாது. வளர்க்க இயலாமற் போயினும் இம்மீன்களைக் கோமுகி ஆற்றிலோ ஊர் ஏரியிலோ விடுதல் கூடாது. கெண்டை அடிச்சேற்றைக் கிளறி இரை தேடும் இயல்புடையது. அதனால் நீர் கலங்கும், நீர்ச்செடிகள் அழியும், நம் நாட்டு மீன்கள் நலியும். தக்கவாறு பேணக்கூடிய ஒருவரிடம் ஒப்படைப்பதே முறை.

மாணவர்களே! குளத்து மீன் தன் துன்பத்தைச் சொல்ல அறியாது. தப்பிச் செல்ல வேற்றிடமும் அதற்கு இல்லை. ஓடையிலிருந்து பிரித்துத் தொட்டியில் வைத்த அன்றே அதன் வாழ்வுக்கு நாம் பொறுப்பேற்றுவிட்டோம். அப்பொறுப்பு நீரின் தெளிவைக் கண்டு மகிழ்வதோடு முடிவதன்று. கண்ணுக்குத் தெரியாத நஞ்சையும் அறிந்து, அதனை அகற்றும் காணாத பணியாளரையும் காத்து வாழ்பவனே நீரைப் பேணத் தெரிந்தவன். ஒரு புழக்கடைக் குளத்தில் இதனைக் கற்றவன், நாளை தன் ஊர் ஏரியையும் ஆற்றையும் காக்க அறிவான்.