குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்கு



அளவான குடும்பம், பிள்ளைகளுக்கு இடையே போதிய இடைவெளி என்றெல்லாம் எங்கள் பிரசுரங்களில் படித்திருப்பீர்கள். இந்தப் பிரசுரம் ஒரு பிள்ளைகூட இன்னும் பிறக்காத வீட்டுக்காக எழுதப்பட்டது. குடும்ப நலம் என்றால் அவர்கள் நலமும்தானே?

கல்யாணமான ஆறாம் மாதமே ஊரில் கேள்வி ஆரம்பித்துவிடும். "ஏம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" இரண்டு வருஷம் போனால் கேள்வி நின்று, பேச்சு தொடங்கும். வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் பின்னால் நிற்க வைப்பார்கள். இத்தனையும் பெண்ணுக்குத்தான். டீக்கடையில் கணவரை யாராவது கேட்டால், "அவளுக்குத்தான் வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லி எழுந்துவிடுகிறார்.

எப்போது பரிசோதனைக்கு வர வேண்டும்? எந்தத் தடுப்பு முறையும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தரிக்காவிட்டால் வாருங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதமே போதும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் காத்திருக்கவே வேண்டாம். 'சேர்ந்து வாழ்ந்து' என்று சொன்னதைக் கவனியுங்கள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மனைவி ஊரில் ஆடுமாடுகளோடு. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் இரண்டு நாள் வந்து போகிறார். இப்படி மூன்று வருஷம் ஓடினால் அதை மூன்று வருஷமாகக் கணக்குப் போடக்கூடாது.

அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு கருமுட்டை வெளிவருகிறது. அதன் ஆயுள் ஒரே நாள்தான். விந்தணு 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண், விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணினால் 9-ஆம் நாள் முதல் 15-ஆம் நாள் வரை முக்கியமான நாட்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும். அந்த வாரத்தில் விரதம், அமாவாசை என்று தள்ளிப் படுத்தால் அந்த மாதம் வீண்தான்.

இனிக் கணவன்மார்களுக்கு. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம், குறை ஆணிடமோ அல்லது இருவரிடமுமோ இருக்கிறது. மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்புப் பரிசோதனை, நடுவே நாலு கோயில், பத்துப் பச்சிலை. கணவருக்கு முதலில் செய்வது ஒரே ஒரு விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. அதைத்தான் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள்! "நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கென்ன?" என்பார்கள். தாம்பத்தியத்துக்கான சக்தி வேறு, விந்தணுவின் எண்ணிக்கை வேறு. பின்னது மைக்ராஸ்கோப்புக்கு மட்டுமே தெரியும். பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் சேர்க்கை கூடாது. எண்ணிக்கை குறைந்திருந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம். புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். பீடி, மது இரண்டையும் விட்டு, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மாறியிருக்கலாம்.

வைத்தியத்தைவிடச் சிரமமானது வீட்டுக்குள் நடப்பது. மாதாமாதம் விலக்கு வந்ததும் அவள் கொல்லைப்புறத்தில் அழுகிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் களத்துமேட்டிலேயே படுத்துக்கொள்கிறார். அவருக்கும் துக்கம்தான், ஆனால் அவள் அதை எப்படி அறிவாள்? அன்றிரவு பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லலாமே. ஊருக்கு என்ன பதில் என்பதையும் இருவரும் பேசி வையுங்கள். "ரெண்டு பேருமே டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு இருக்கோம். நல்ல சேதின்னா நாங்களே சொல்றோம்மா." இதைக் கணவர்தான் தன் தாயிடம் சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் எதிர்ப்பேச்சு ஆகிவிடும். மகன் சொன்னால் பேச்சு அதோடு நிற்கும்.

இரண்டாம் கல்யாணம் என்று சிலர் தூண்டுவார்கள். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி முதல் மனைவி இருக்க மறுமணம் செல்லாது, குற்றமும்கூட. குறை கணவரிடம் இருந்தால் அந்தப் பெண்ணுக்கும் இதே கதிதான்.

சோதனைக் குழாய் முறைக்குப் போகும் முன்பே எத்தனை தடவை, எவ்வளவு பணம் என்று இருவரும் ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பலிப்பதில்லை, மனைவியின் வயது ஏற ஏற வாய்ப்பு குறையும். நிச்சயம் என்று வாக்குக் கொடுப்பவரை நம்பி நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

தத்தெடுக்க விரும்பினால் இருவருக்கும் சம்மதம் வேண்டும். கல்யாணமாகி 2 வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். தரகர் மூலம் குழந்தை வாங்குவது குற்றம். இருவராகவே இருந்துவிடுவோம் என்று முடிவு செய்கிற தம்பதியரும் உண்டு. அதுவும் குடும்பம்தான், அவர்களை யாரும் துருவிக் கேட்க வேண்டியதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது கடைசி மூன்று விலக்குத் தேதிகளையும் பழைய சீட்டுகளையும் கொண்டுவாருங்கள். தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதல் தடவையே இருவரும் சேர்ந்து வாருங்கள்.