சாமான் கொட்டகையில் கோழி வளர்க்க முதலில் காற்றுக்கு வழி விடுங்கள்

குமணன்சாவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் விளைநிலம் சுருங்கி வீட்டு மனைகள் பெருகிவிட்டன. உர மூட்டையும் மண்வெட்டியும் வைத்திருந்த பிளாஸ்டிக் தகட்டுக் கொட்டகை பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதில் இருபது நாட்டுக்கோழி வளர்த்தால் வீட்டுக்கு முட்டையும் கைச்செலவுக்குப் பணமும் கிடைக்கும். ஆனால் சாமான் கொட்டகை, காற்றும் மழையும் புகாதபடி அடைக்கப்பட்டது. கோழிக்கோ காற்றுதான் உயிர். அதனால் கொட்டகையை மாற்றி அமைத்த பிறகே கோழியை விட வேண்டும்.

வெயிலே முதல் எதிரி

கோழிக்கு வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். சென்னைப் பகுதியில் கத்திரி வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது உண்டு. அடைத்த பிளாஸ்டிக் கொட்டகைக்குள் சூடு அதற்கும் மேல் ஏறும். ஒரே பிற்பகலில் எல்லாக் கோழிகளையும் இழக்க நேரிடலாம்.

நல்ல வெயில் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கொட்டகைக்குள் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிடம் உங்களால் இருக்க முடியாவிட்டால் கோழியாலும் இருக்க முடியாது.

மாற்றும் முறை

1. பூச்சிமருந்து, உரம், மருந்து கலந்த விதை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். மண் தரையானால் மேல் மண்ணை அரை அடி வெட்டி எடுத்துப் புதுமண் போடுங்கள். பூச்சிமருந்து கொட்டி ஊறிய கொட்டகையைக் கோழிக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

2. நீளமான இரு பக்கங்களிலும் தரையிலிருந்து ஒன்றரை அடி மட்டும் தகட்டை விட்டுவிட்டு, மேலே கூரை வரை வெட்டி எடுங்கள். வெட்டிய தகடு வலுவிழக்கும். முதலில் சவுக்குக் கம்பம் நட்டுச் சட்டம் கட்டிக்கொள்ளுங்கள். திறந்த இடத்தில் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையை அடியுங்கள். பெருச்சாளியும் கீரியும் தோண்டி நுழையாதபடி வலையைச் சுற்றிலும் ஓர் அடி ஆழம் மண்ணில் புதையுங்கள்.

3. கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்து, மூன்றடி வெளியே நீட்டி விடுங்கள். மேற்கே அகத்தியோ முருங்கையோ நட்டால் மாலை வெயில் தணியும்.

4. 2016 டிசம்பர் 12-ம் தேதி வீசிய வர்தா புயலை நாம் மறக்கவில்லை. இலேசான கொட்டகையை நாலு மூலையிலும் ஆழப் புதைத்த கம்பத்தோடு இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள்.

எத்தனை கோழி?

ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்பது கணக்கு. பத்தடி நீளம், எட்டடி அகலக் கொட்டகையில் நாற்பது கோழி அடங்கும். ஆயினும் மாற்றி அமைத்த கொட்டகையில் இருபத்தைந்தோடு நிறுத்துவது நல்லது. ஐந்து பெட்டைக்கு ஒரு முட்டைப்பெட்டி வையுங்கள். இரவில் அடைய, இரண்டடி உயரத்தில் கழி கட்டுங்கள்.

ஈரமே இரண்டாவது எதிரி

தரையை ஓர் அடி உயர்த்தி, உமி அல்லது நிலக்கடலைத் தோலை மூன்று அங்குலம் பரப்புங்கள். வாரம் இருமுறை கிளறி, நனைந்ததை உடனே அள்ளிவிடுங்கள். குனிந்தால் கண் எரிகிறதா? எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்புகிறது என்று பொருள். கோழியின் கண்ணும் மூச்சும் அதனால் கெடும்.

ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் சாக்குப் படுதாவை இறக்குங்கள். அப்போதும் மேலே ஓர் அடி திறந்திருக்கட்டும். மழை விட்டதும் சுருட்டிவிடுங்கள். மழைக்குப் பயந்து நாலு புறமும் மூடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

தண்ணீரும் தடுப்பூசியும்

ஒரு கோழி நாளுக்குக் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். கோடையில் இது இரு மடங்காகும். மண்பானைத் தண்ணீரை நிழலில் வைத்து, நண்பகலில் மாற்றுங்கள்.

கொட்டகை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் கொட்டகையே காலியாகும். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும் எட்டாவது வாரம் ஊசியும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

முதல் முறை பத்துக் கோழியோடு தொடங்குங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம்.