சிப்ஸ் குறைந்தவர் எதிரே இருக்கும்போது

போக்கர் போட்டியில் சிப்ஸ் தீரும் நிலையில் இருப்பவரை எளிய இரை என்று எண்ணித்தான் பலர் தங்கள் சிப்ஸை இழக்கிறார்கள். அவரிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஆயுதம்: இருப்பதை எல்லாம் நடுவில் தள்ளும் ஆல்-இன். அதன் எதிரே நம் பேச்சுக்கும் முறைப்புக்கும் மதிப்பில்லை, கணக்குக்கு மட்டுமே மதிப்பு. அதே சமயம், நாம் அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறோம் என்பதை மேசை முழுவதும் பார்க்கிறது. போட்டிகளில் ஆல்-இன்னை ஒருவர் கால் செய்துவிட்டால் இருவர் சீட்டும் மேசையில் திறக்கப்படும். மற்ற மோதல்களில் பெரும்பாலும் நம் சீட்டு மறைந்தே போய்விடும். சிப்ஸ் குறைந்தவரோடு மோதும்போதுதான் அது வெளியே வருகிறது. ஆகவே அவருக்கு எதிரே எப்படி ஆடுவது என்பதையும் நம் டேபிள் இமேஜை எப்படிக் காப்பது என்பதையும் ஒன்றாகவே கற்க வேண்டும்.

நான் சொல்வது நோ-லிமிட் டெக்சஸ் ஹோல்டம், அதுவும் நேரில் உட்கார்ந்து ஆடும் போட்டிக்கு. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இந்தியாவில் தடை செய்திருக்கிறது.

சீட்டைப் பார்க்குமுன் எண்ணுங்கள்

ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் வேலை, உங்களுக்குப் பின்னால் பேசப்போகிறவர்களின் சிப்ஸை எண்ணுவது. எண்ணும் அலகு பிக் பிளைண்ட். பிளைண்ட் 500, 1,000 என்றும், மேசைக்கு மொத்த ஆன்ட்டி 1,000 என்றும் வைத்துக்கொள்வோம். சீட்டு போடும்போதே நடுவில் 2,500 கிடக்கிறது. எதிரே இருப்பவரிடம் 12,000 இருந்தால் அவரிடம் 12 பிக் பிளைண்ட். அதே 12,000-ஐ 2,500-ஆல் வகுத்தால் 4.8. எதுவும் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் ஐந்து சுற்றுகூட அவர் தாங்க மாட்டார் என்று பொருள். பால் மாக்ரியல் கண்ட இந்த அளவுக்கு ‘எம்’ என்று பெயர். அதைப் பரவலாக்கியவர் 1995-இல் போக்கர் உலகத் தொடரின் (WSOP) முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன். எம் 5-க்குக் கீழே போனவர் கணக்கு தெரிந்தவராக இருந்தால், ஆல்-இன் அல்லது ஃபோல்ட் என்ற இரண்டில் ஒன்றைத்தான் செய்வார்.

உங்களிடம் 80,000 இருந்தாலும் அவருக்கு எதிரே நீங்களும் 12,000 காரர்தான். பெரிய குவியல் தரும் தைரியத்தில் தளர்ந்த சீட்டுகளை ஆடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ரெய்ஸுக்கு முன்பே பதில்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிப்ஸ் குறைந்தவர் இருக்கும்போது, அவர் ஆல்-இன் போட்டால் கால் செய்வேனா, விடுவேனா என்று முடிவு செய்யாமல் ரெய்ஸ் செய்யாதீர்கள்.

நீங்கள் 2,200-க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள். பட்டனில் இருப்பவர் 12,000-ஐயும் தள்ளுகிறார், பிளைண்டுகள் விலகுகிறார்கள். நடுவில் இப்போது 12,000 + 2,200 + 2,500, மொத்தம் 16,700. நீங்கள் போட வேண்டியது 9,800. போட்ட பின் பாட் 26,500. 9,800 அதில் 37 சதவீதம். அந்த அளவு வெல்லும் வாய்ப்பு இருந்தால் கால் சரி. அவரிடம் 8,000 மட்டும் இருந்தால் நீங்கள் போடுவது 5,800, தேவையான வாய்ப்பு 31 சதவீதம்தான். 20,000 இருந்தால் 42 சதவீதம் வேண்டும்.

இத்துடன் சில எண்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். நடுத்தர ஜோடிக்கு எதிரே அதைவிடப் பெரிய இரண்டு சீட்டு: ஏறக்குறைய 45 சதவீதம். ஏஸ்-ராஜாவுக்கு எதிரே வேறு இரண்டு சிறிய சீட்டு: 35 முதல் 40. ஏஸ்-ராஜாவுக்கு எதிரே ஏஸ்-ராணி: நாலில் ஒரு பங்கு. பெரிய ஜோடிக்கு எதிரே சிறிய ஜோடி: ஐந்தில் ஒரு பங்கு. அவர் எதை வைத்துத் தள்ளுவார் என்று ஊகித்து இவற்றைக் கலந்து பார்த்தால், 8 பிளைண்ட்காரர் தள்ளும்போது ரெய்ஸுக்குத் தகுந்த எந்தச் சீட்டையும் விடக் காரணம் பெரும்பாலும் இருக்காது. 20 பிளைண்ட்காரர் தள்ளினால் பாதிச் சீட்டுகளை விடத்தான் வேண்டும்.

ஆகவே உண்மையில் அஞ்ச வேண்டியவர் 6 பிளைண்ட் உள்ளவர் இல்லை, 18 பிளைண்ட் உள்ளவர். நம்மை விலகவைக்கும் அளவு சிப்ஸ் அவரிடம் இருக்கிறது, இழக்க அதிகமும் இல்லை. இப்படிப்பட்ட இருவர் பின்னால் இருந்தால் பிளைண்ட் திருடும் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ரெய்ஸின் அளவையும் இரண்டு பிளைண்டை ஒட்டியே வையுங்கள். மூன்று வைப்பதால் அவர் பயப்படப்போவதில்லை, விலகும்போது உங்கள் நஷ்டம்தான் கூடும்.

எந்தச் சீட்டு உயரும், எது தாழும்

சிறிய ஜோடியோடு ஃபிளாப் பார்த்தால் அதே மதிப்பில் மூன்றாவது சீட்டு விழும் வாய்ப்பு 12 சதவீதம். அப்படி விழும்போது எதிராளி பெரிய தொகை தந்தால்தான் முன்பு இழந்ததெல்லாம் ஈடாகும். 10 பிளைண்ட்காரரிடம் தர என்ன இருக்கிறது? ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் 7-6, 8-7 போன்றவற்றுக்கும் இதே கதி. ஏஸ்-பத்து, ராஜா-ராணி போன்ற உயர்ந்த சீட்டுகளுக்கு இங்கே மதிப்பு ஏறும்.

அவர் முதலில் ஆல்-இன் போட்டு, உங்களிடம் நல்ல சீட்டும் உங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேரும் இருந்தால், வெறும் கால் செய்யாமல் மேலே ரெய்ஸ் செய்யுங்கள். மற்றவர்கள் விலகுவார்கள், இருவர் மட்டும் மோதலாம். ஏஸ்-ராஜாவுக்கு ஓர் எதிராளி நல்லது, மூன்று பேர் நல்லதில்லை.

ஃபிளாப்புக்குப் பின் அவரை பிளஃப் செய்ய முயல வேண்டாம். பாட் 6,000, அவரிடம் மிச்சம் 9,000 என்றால், மேல் ஜோடி வைத்திருக்கும் நீங்கள் எல்லாவற்றையும் போடத் தயாராக இருக்கலாம். அதே காரணத்தால் அவரும் கீழ் ஜோடியோடு ஒட்டிக்கொள்வார். வாய்ப்புள்ள போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெட் போதும்.

அவர் ஆல்-இன்னில் இருக்க, நீங்களும் இன்னொருவரும் சிப்ஸோடு தொடரும் நிலையும் வரும். சைடு பாட்டில் எதுவும் இல்லாதபோது அந்த இன்னொருவரை பிளஃப் செய்து விரட்டினால், லாபம் ஆல்-இன்காரருக்குத்தான். இருவரும் தாமாகவே செக் செய்து போவது முறை. ஆனால் ‘செக் பண்ணிடலாமா’ என்று வாய் திறந்து பேசினால் அது கூட்டுச்சேரல், தண்டனைக்குரியது.

பரிசு வரம்பை நெருங்கும்போது

இன்னும் ஒருவர் வெளியேறினால் எல்லோருக்கும் பரிசு என்ற கட்டத்தில் கணக்கு மாறும். இழக்கும் சிப்ஸின் வலி, பெறும் சிப்ஸின் பயனைவிடப் பெரியது. நடுத்தரக் குவியல் உங்களுடையதானால் கால் செய்யும் சீட்டை மிகவும் இறுக்குங்கள். பெரிய குவியல் உங்களுடையதானால் அழுத்தம் கொடுக்க வேண்டியது நடுத்தரக்காரர்களுக்கு; கடைசியில் இருப்பவருக்கு இழக்க எதுவும் இல்லை, அவர் அசைய மாட்டார்.

வாய்ப்பு வந்தால் அவரை முழுமையாக முடித்துவிடுங்கள். 1982 உலகத் தொடரில் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரே ஒரு சிப் மிஞ்சிய நிலையிலிருந்து மீண்டு வந்து பட்டத்தையே வென்றார்.

இமேஜை எங்கே செலவழிப்பது

நீங்கள் உண்மையில் எப்படி ஆடுகிறீர்கள் என்பது மேசைக்குத் தெரியாது. கடந்த இரண்டு மூன்று சுற்றில் அவர்கள் கண்டது மட்டும் தெரியும். மேலே போட்ட கணக்குப்படி ராணி-ஒன்பதோடு 7 பிளைண்ட் ஆல்-இன்னைக் கால் செய்தீர்கள், தோற்றீர்கள் என்று வையுங்கள். கால் சரிதான். ஆனால் மேசை கண்டது ராணி-ஒன்பதை மட்டும். ‘எதையும் கால் செய்வார்’ என்ற பெயர் வந்துவிட்டது. விளக்கம் சொல்லாதீர்கள், கணக்கு தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். அடுத்த சில சுற்றுக்கு பிளஃப்பை நிறுத்துங்கள். நல்ல சீட்டு வரும்போது வழக்கத்தைவிடப் பெரிதாக பெட் செய்யுங்கள். கால் கிடைக்கும்.

மாறாக, ஒரு மணி நேரம் விலகிக்கொண்டே இருந்து, பிறகு திறந்த ஒரே சீட்டு ராஜா ஜோடி என்றால், மேசை உங்களை நம்புகிறது. அந்த நம்பிக்கையைச் செலவழிக்க ஆள் பார்த்தாக வேண்டும். சிப்ஸ் குறைந்தவரிடம் அது செல்லாது. அவர் உங்களைப் பார்ப்பதில்லை, தன் குவியலைத்தான் பார்க்கிறார். விலக இடமுள்ள 30, 40 பிளைண்ட்காரரிடம்தான் அது செல்லும். 2004 முதன்மைப் போட்டியின் இறுதி மேசையில் ஹாரிங்டன் இதைச் செய்தார். கிரெக் ரேமர் ரெய்ஸ் செய்ய, ஜோஷ் ஏரியா கால் செய்ய, இறுக்கமான ஆட்டக்காரர் என்று பெயர் பெற்றிருந்த ஹாரிங்டன் வெறும் 6-2 வைத்துக்கொண்டு மேலே ரெய்ஸ் செய்தார். இருவரும் விலகினார்கள்.

கேட்காமல் சீட்டைக் காட்டாதீர்கள். யோசிக்கும் நேரத்தை எல்லா முடிவுக்கும் ஏறக்குறைய ஒன்றாக வையுங்கள். தோற்றுப் போகிறவரைக் கேலி செய்யாதீர்கள். அது மரியாதைக் குறைவு, மேசையையும் உஷார்படுத்தும்.

போட்டியில் மேசை மாற்றி உட்காரவைத்தால் சம்பாதித்த இமேஜ் அங்கேயே நின்றுவிடும். புதிய இடத்தில் உங்களை யாருக்கும் தெரியாது. முதல் இரண்டு சுற்றுக்கு நல்ல சீட்டை மட்டும் ஆடுங்கள். யார் காத்திருக்கிறார், யார் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறார் என்பதை அதற்குள் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.