பழவங்காடி வெள்ளமும் பெருந்தரவும்

திருவனந்தபுரத்தில் கணபதி கோயிலால் பெயர்பெற்ற பழவங்காடி, கிழக்குக் கோட்டையை அடுத்த நெருக்கமான கடைவீதியாகும். அதற்கு அண்மையில் தம்பானூர் ரயில் நிலையம் அமைந்துள்ளது. கனமழை பெய்தால் இவ்விரு பகுதிகளிலும் நீர் தேங்குவது நெடுநாளையத் தொல்லை. பருவநிலை மாற்றம் குறித்த முடிவுகளுக்குப் பெருந்தரவு எந்த அளவிற்குத் துணைபுரியும் என்பதை இங்கு ஆராய்வது பயன் தரும்.

பெருந்தரவு என்பது அளவில் மிக்கதும், இடைவிடாது வந்து சேர்வதும், பலவகைப்பட்டதுமான விவரத் தொகுதி. செயற்கைக்கோள் படங்கள், ராடார் பதிவுகள், தானியங்கி மழைமானிகளின் அளவீடுகள் ஆகியன இதில் அடங்கும். இந்நகரில் வானிலைத் தரவுக்குப் பஞ்சமில்லை. 1830களிலேயே சுவாதித் திருநாள் இங்கு வானாய்வுக்கூடம் நிறுவினார். இன்று தும்பாவில் டாப்ளர் ராடார் இயங்குகிறது.

ஆயினும் எந்தத் தரவு எந்த முடிவிற்கு உரியது என்பதே முதன்மையான வினா. காலை 8.30 மணிக்குக் கணக்கிடப்படும் மழையளவு, முந்தைய 24 மணி நேரத்திற்குரியது. அது 64.5 மில்லிமீட்டரை எட்டினால் கனமழை எனப்படும். வேளாண்மைக்கு இது போதுமானது. நகர வடிகாலுக்குப் போதாது. ஒரே மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால், ஒரு ஹெக்டேர் நிலத்தில் 500 கனமீட்டர் நீர் விழுகிறது. தரை முழுவதும் சிமெண்டாயின், வினாடிக்கு ஏறத்தாழ 139 லிட்டர் வெளியேறியாக வேண்டும். அதே மழை நாள் முழுவதும் பரவிப் பெய்தால் சுமார் 6 லிட்டரே. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு மிகுதியான ஈரத்தைத் தாங்கும்; எனவே குறுகிய நேரப் பெருமழை வலுக்கும் என்பதையும் வடிகால் அமைப்போர் கருதவேண்டும்.

2015இல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் 'ஆப்பரேஷன் அனந்தா' தொடங்கப்பெற்றது. தெக்கனங்கரை கால்வாய் உள்ளிட்ட நீர்வழிகளில் ஆக்கிரமிப்புகளும் வண்டலும் அகற்றப்பட்டன. கட்டடங்களுக்கு அடியில் மறைந்தோடும் கால்வாயின் அகலத்தையோ, அதில் படிந்த சேற்றையோ எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது. ஆட்கள் இறங்கியோ கருவி கொண்டோ அளந்தாலன்றி அவ்விவரம் கிட்டாது. அவ்வாறு இறங்குவது எளிதான செயலுமன்று: 2024 ஜூலையில் தம்பானூரில், ரயில் பாதைக்கு அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயைத் துப்புரவு செய்த தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதற்கு முன், 2023 அக்டோபரில் நகரின் பல பகுதிகள் மீண்டும் நீரில் மூழ்கியிருந்தன.

அக்கால்வாயின் பொறுப்பு மாநகராட்சி, நீர்ப்பாசனத் துறை, ரயில்வே எனப் பிரிந்து கிடக்கிறது. புதிய கருவிகள் வாங்குவதைவிட, கால் மணி நேர மழையளவும், கால்வாயின் நீர்மட்டமும், வண்டலின் ஆழமும் ஒரே பதிவேட்டில் சேர்வதே அவசரத் தேவை எனலாம். கருவி கொண்டு அளக்கக்கூடிய இடத்தில் மனிதரை இறக்காதிருக்கவும், எப்பகுதியை மழைக்கு முன் தூர்வார வேண்டும் என்று அலுவலர் முடிவு செய்யவும் அப்பதிவேடே வழிகாட்டும்.