கண்டியில் உனக்கென்று ஓர் இடம்: அக்காவின் டிப்ஸ்

ஸ்கூல் ஒன்றரைக்கு விடும். டியூசன் மூன்று மணிக்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் பஸ் ஸ்டாண்டிலும் கடை வாசலிலும் நின்று பொழுதைப் போக்கும் பிள்ளைகளைக் கண்டியில் தினமும் பார்க்கிறேன். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, வத்தேகமை பக்கமிருந்து வந்து போர்டிங்கில் தங்கிப் படிக்கிறவர்களுக்குச் சனி ஞாயிறும் இதே நிலைதான். வீட்டில் தனி அறை கிடையாது, போர்டிங்கில் கட்டில் மட்டும்தான் சொந்தம். ஓ.எல்., ஏ.எல். என்று தலைக்கு மேல் பாரம் வேறு.

தங்கச்சி, தம்பி, இந்த வயதில் மனம் ஆறி உட்கார ஓர் இடம் கட்டாயம் வேண்டும். வீடும் வேலைத்தலமும் போக மனிதருக்கு 'மூன்றாம் இடம்' ஒன்று தேவை என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் ஒரு புத்தகமே எழுதினார். நம் ஊரில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் போகப் போகத்தான் ஓர் இடம் நமக்குச் சொந்தமாகும். அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படி.

1. முதலில் உன் மனதைக் கேள்

நடக்க வேண்டும் போல இருக்கிறதா? சும்மா உட்கார வேண்டுமா? நாலு பேர் நடுவில் இருந்தால் போதும் என்றிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு. கூட்டம் பிடிக்காத நேரத்தில் கூட்டத்துக்குள் போனால் போனதை விட மோசமாகத் திரும்பி வருவாய்.

2. நடக்க: வாவிக்கரை

கண்டி வாவியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஒரு சுற்று முடியும்போது மனதில் இருந்த சண்டை பாதியாகக் குறைந்திருக்கும். தலதா மாளிகைப் பக்கத்தில் மேகம் போல வளைந்து ஓடும் மதிலில் வரிசையாக முக்கோணக் குழிகள் இருக்கும். விளக்கு ஏற்றுவதற்காக விட்டவை அவை. வயலாக இருந்த இந்த இடத்தை 1807இல் வாவியாக்கியவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி, தென்னிந்திய நாயக்கர் வம்சம். "இந்த ஊர் நமக்கு அந்நியம்" என்று தோன்றும் நாளில் இதை நினைத்துக்கொள்.

மரத்தடியில் நிற்காதே, மேலே நீர்க்காகங்கள் இருக்கும். போயா நாளிலும் பெரஹரா காலத்திலும் அங்கே அமைதியை எதிர்பார்க்காதே.

3. சும்மா இருக்க: பேராதனைப் பூங்கா

1821இல் தொடங்கிய தோட்டம், 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி. பெரிய புல்வெளியில் கிளை பரப்பி நிற்கும் ஜாவா அத்திதான் எல்லாரும் போட்டோ எடுக்கும் மரம். நீ அதைத் தாண்டி ஆற்றோரமாகப் போ. அங்கே ஆள் குறைவு. உயர்ந்த மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். ஒரே பெஞ்சைத் தேர்ந்தெடுத்து எப்போதும் அதிலேயே உட்கார். டிக்கட் உண்டு, ஸ்கூல் ஐடியைக் கொண்டு போ. அடிக்கடி போகக் காசு கட்டாது என்றால் மாதத்துக்கு ஒரு நாள் போதும்.

4. காட்டுக்குள்: உடவத்தகெலே

தலதா மாளிகைக்குப் பின்னால் நூறு ஹெக்டேயருக்கு மேல் காடு. நகரத்தின் ஹார்ன் சத்தம் உள்ளே போகப் போகத் தேய்ந்து போகும். இங்கே தனியாகப் போகக் கூடாது. இரண்டு மூன்று பேராகப் போங்கள், பிரதான பாதையை விட்டு விலகாதீர்கள். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். நீளச் சொக்ஸ் போட்டு, காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். குரங்கு இருக்கும், சாப்பாட்டுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள்.

5. மழை நாளுக்கு: நூலகம்

கண்டியில் மழைக்கு நேரம் காலம் இல்லை. டி.எஸ். சேனநாயக்க நினைவு பொது நூலகம் நினைவில் இருக்கட்டும். அங்கத்துவம் எடுப்பது எப்படி என்று கவுண்டரில் கேள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். பாடப் புத்தகத்தை ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டு, பரீட்சைக்கு வராத ஏதாவது ஒன்றைப் படி.

6. ஆட்களோடு இருக்க: வழிபாட்டு இடம்

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில், பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குறிஞ்சிக்குமரன் கோயில், மீரா மக்காம் பள்ளிவாசல், உன் தேவாலயம், எதுவானாலும் சரி. போய்க் கும்பிட்டுவிட்டு ஓடி வராதே. பூக் கட்டுவது, கூட்டுவது, அன்னதானத்தில் பரிமாறுவது, பஜனை அல்லது பாடகர் குழு என்று ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள். "இன்றைக்கு ஏன் பிந்திப் போச்சு?" என்று ஒருவர் கேட்கத் தொடங்கினால் நீ அந்த இடத்து ஆள்.

7. பெரியவர்களோடு: ஹந்தானைத் தேயிலை நூதனசாலை

1925இல் கட்டிய பழைய தேயிலை ஸ்டோர்தான் இப்போது நூதனசாலை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதிலிருந்து கதை சொல்கிறார்கள். அங்கே அம்மாயியையோ அப்பாயியையோ கூட்டிப் போ. எங்கள் அம்மாயி அங்குள்ள ரோலர் மெசின் பக்கத்தில் நின்று, கொழுந்து எவ்வளவு வாடினால் அரைக்கலாம் என்று விரலால் கசக்கிக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வரலாற்றை நடத்தியவர்கள் நம் வீட்டு ஆட்கள். அதை நேரில் பார்த்த பிள்ளை எந்தக் கூட்டத்திலும் தலை குனியாது. ஹந்தானை மலை ஏறுவதானால் பெரியவர் துணையோடு, காலையிலேயே. மூடுபனி இறங்கினால் வழி தெரியாது.

8. எங்கும் போக முடியாத நாளில்

பெண் பிள்ளைகளை வெளியே விட மாட்டார்கள், எனக்குத் தெரியும். லயத்து இஸ்தோப்பின் ஒரு மூலை, பின்பக்கக் கல், ஜன்னலோரம், எது கிடைத்தாலும் அரை மணி நேரம் உனக்கென்று கேட்டு வாங்கு. "அந்த நேரம் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்று வீட்டில் சொல்லி வை. போனை வேறு இடத்தில் வை.

9. பாதுகாப்பு, இதில் விட்டுக்கொடுக்காதே

எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போ. இருட்டுக்கு முன் பஸ்ஸில் ஏறு. யாராவது பின்னாலேயே வந்தால், தொந்தரவு செய்தால் கூட்டமுள்ள கடைக்குள் நுழைந்து சத்தமாகச் சொல். எந்த இடத்துக்குப் போனாலும் மனம் இறங்கிக்கொண்டே போகிறது, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றால், இடத்தை நம்பிக் காத்திருக்காதே. உடனே நம்பகமான பெரியவரிடம் சொல், அல்லது 1926க்கு அழை. அது தேசிய மனநல உதவி எண். சிறுவர்களுக்கான உதவிக்கு 1929.

இந்த வாரமே ஓர் இடத்தைத் தேர்ந்தெடு. ஒரு மாதம் அதே நாளில், அதே நேரத்தில் போய்ப் பார். அது உன் இடமாகிவிட்டதென்று தெரிந்த பிறகு, வகுப்பில் புதிதாகச் சேர்ந்து இன்னும் யாரோடும் கதைக்காத பிள்ளை ஒன்று இருக்குமே, அதையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போ.