இரு மன்றங்களில் ஒரு வழக்கு

ஒரே விவகாரம் இரு மன்றங்களில் நிற்குமாயின் செய்யத்தக்கது யாது? சட்டம் பயிலப் புகும் மாணாக்கர் தொடக்கத்திலேயே எதிர்ப்படும் வினாக்களுள் இஃது ஒன்று. 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டத்துப் பத்தாம் பிரிவு, அத்தகைய நிலையில் பின்னர்த் தொடுத்த வழக்கின் விசாரணையை நிறுத்திவைக்குமாறு விதிக்கின்றது. கட்சிக்காரரும் வழக்குப் பொருளும் ஒன்றாயிருக்க, நியாயாதிபதிகள் இருவர் இருவேறு தீர்ப்பு உரைப்பரேல் எதனைக் கைக்கொள்வது?

ஏட்டளவில் எளிதாகிய இம்முறையின் பாரத்தைத் தஞ்சை நாட்டார் நன்கறிவர். 1990 ஜூன் 2ஆம் நாள் அமைக்கப்பெற்ற காவிரி நடுவர் மன்றம், 2007 பிப்ரவரி 5ஆம் நாள் இறுதித் தீர்ப்பு உரைத்தது. மாநிலங்கள் விளக்கம் வேண்டி அம்மன்றத்திற்கே மனுச் செய்தன, உச்சநீதிமன்றத்திலும் மேல்முறையிட்டன. பத்தாம் பிரிவு நடுவர் மன்றத்தைக் கட்டுவதன்று. ஆயினும் அதே நியாயம் பற்றி, மேல்முறையீடு முடியுமட்டும் விளக்க மனுக்களை அம்மன்றம் ஒதுக்கிவைத்தது. உச்சநீதிமன்றத் தீர்ப்போ 2018 பிப்ரவரி 16ஆம் நாள்தான் வந்தது. அவ்வாண்டிலேயே நடுவர் மன்றமும் கலைக்கப்பட்டது.

நடுவர் மன்றம் பிழை செய்தது என்போமல்லேம். பணவழக்காயின் தாமதத்திற்கு வட்டியுண்டு. ஆனியில் வாராத நீருக்குத் தையில் வட்டி கொடுப்பார் யார்? குறுவை நாற்றங்கால் எந்த மன்றத்திற்காகவும் பொறுத்திராது.

இவ்விடத்தே மாணாக்கர் பலர் மறக்கும் பாதியொன்று உண்டு. நிறுத்தப்படுவது விசாரணையே, இடைக்கால ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நிறுத்தப்படுவதில்லை. வழக்கை ஒத்திவைப்போர், அதுகாறும் பொருளைக் காப்பது எவ்வாறென்பதையும் உடன் கருதுதல் வேண்டும் என்பது நம் கருத்து. காவிரியில் அத்தகைய காப்பாக இருந்தது, ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் விடுமாறு நடுவர் மன்றம் 1991 ஜூன் 25ஆம் நாள் இட்ட இடைக்கால ஆணையே. (டி.எம்.சி. என்பது நூறுகோடி கன அடி.) இறுதித் தீர்ப்பு அரசிதழில் வெளியான 2013 பிப்ரவரி 19 வரை அதுவே நின்றது.

காப்பு இருந்தும் கழனிக்குக் குறை தீர்ந்ததில்லை. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகளும் மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாளில் திறக்கப்படவில்லை. மழைக்குறைவும் அதற்குப் பெருங்காரணமே. 2016 செப்டம்பரில், பொறுக்கலாற்றாது உச்சநீதிமன்றத்தை அணுகியபோது, நாளொன்றுக்கு வினாடிக்கு 15,000 கன அடி விடுமாறு ஆணை பிறந்தது. ஒரு வாரத்தில் 12,000 ஆயிற்று. பின்னர் 6,000 ஆயிற்று.

பிலிகுண்டுலுவில் நமக்கு விடவேண்டியது 192 டி.எம்.சி. என்றது நடுவர் மன்றம். உச்சநீதிமன்றம் அதனை 177.25 ஆக்கிற்று. குறைந்த 14.75இல் பத்து, நம் மாநிலத்து நிலத்தடி நீரைக் கணக்கிற் கொண்டமையால் கழிந்தது; எஞ்சிய 4.75 பெங்களூர் மக்களின் குடிநீருக்காயிற்று.