வருடத்துக்குப் பன்னிரண்டு புத்தகம்: படிக்கவும் கைமாற்றவும் சில குறிப்புகள்

‘இந்த வருஷம் ஐம்பது புத்தகம்’ என்று ஜனவரியில் அறிவித்தவர்களிடம் மார்ச்சில் போய் விசாரித்தால், பேச்சு வெயில் பக்கம் திரும்பிவிடும். கணக்கைப் பெரிதாகப் போடுவதும், பட்டியலைத் தனியாக உட்கார்ந்து எழுதுவதும்தான் இதற்குக் காரணம். கூடப் படிக்க நாலு பேர் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. வீட்டு வேலை, அலுவலகம், பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றுக்கும் நடுவில் செய்ய முடிந்தவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

1. மாதம் ஒன்று, வருடம் பன்னிரண்டு. ஆரம்பிப்பவர்களுக்கு இது போதும். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், தினம் அரை மணி நேரத்தில் 15 பக்கம். மாதம் 450 பக்கம். இருநூறு பக்க நாவல் இரண்டு அதில் அடங்கிவிடும். பத்து நாள் விட்டுப்போனாலும் ஒன்று நிச்சயம். தொடங்குவதற்கு ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். ஆடி மாதத்திலும் ஆரம்பிக்கலாம், இதற்கு யாரும் நாள் பார்ப்பதில்லை.

2. குக்கர் விசிலுக்கு நடுவே படிக்கலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கதையும் ஓடாது, பருப்பும் அடிப்பிடிக்கும். டியூஷன் வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் நேரம், மின்சார ரயில், டாக்டரிடம் டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம், இவைதான் உண்மையில் கைக்குக் கிடைப்பவை. ஆகவே கைப்பையில் எப்போதும் ஒரு மெல்லிய சிறுகதைத் தொகுப்பு இருக்கட்டும்.

3. காலண்டரைப் பார்த்துப் புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சுக்கும் தீபாவளி மாதத்துக்கும் சின்னப் புத்தகங்கள்தான் சரி. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ இரண்டு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கு நடுவே நடக்கும் கதை என்பதால், லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கும் கோடையில் படித்தால் இன்னும் உறைக்கும். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ போல ஆயிரம் பக்கம் தாண்டுவதை நீண்ட விடுமுறைக்கு ஒதுக்குங்கள்.

4. ‘பொன்னியின் செல்வன்’ ஒரு புத்தகமா, ஐந்தா? வாசிப்புச் சவால் எடுக்கும் எல்லாக் குழுவிலும் இந்தச் சண்டை வரும். என் தீர்ப்பு: ஐந்து. ஒன்று என்று எண்ணினால் பெரிய நாவல்களை யாரும் தொடமாட்டார்கள். குட்ரீட்ஸ் போன்ற செயலிகளில் வருடாந்தர எண்ணிக்கையை எட்டுவதற்காக டிசம்பரில் ஒல்லிப் புத்தகமாகத் தேடி அலைபவர்கள் உண்டு. அந்த நிலைமை நமக்கு வேண்டாம். இன்னொன்று, அந்த நாவல் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. முதன்முதலில் படித்தவர்கள் மூன்றரை வருடம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படித்தார்கள். நீங்கள் ஆறு மாதம் எடுத்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

5. பட்டியல் போட எனக்குப் பிடித்த வழி, ஊர் ஊராகப் போவது. குழுவில் ஒவ்வொருவரும் தாங்கள் பிறந்த ஊர்ப் பக்கத்து நாவல் ஒன்றைச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்காரர் யோசிக்கவே வேண்டாம், தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’. கோவில்பட்டிப் பக்கம் என்றால் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. நாகர்கோவிலுக்கு சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’. கொங்கு நாட்டுக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’, மணப்பாட்டு மீனவர்களைப் பற்றி வண்ணநிலவன் எழுதிய ‘கடல்புரத்தில்’, திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ என்று தென் மாவட்டங்களே பாதி வருடத்தை நிரப்பிவிடும். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ‘எரியும் பனிக்காடு’ இருக்கிறது. தோட்ட மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். கடல் தாண்டிப் போக ஆசையிருந்தால் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ உங்களை இரண்டாம் உலகப் போர்க்கால மெடானுக்கும் பினாங்குக்கும் கூட்டிப் போகும்.

இதில் ஒரு வசதி உண்டு. ஊர்க்காரர் பக்கத்தில் இருப்பதால் புரியாத வட்டாரச் சொல்லை உடனே கேட்டுக்கொள்ளலாம். “எங்க ஊர்ல அப்படியெல்லாம் பேச மாட்டாங்க” என்று அவர் எழுத்தாளரோடு மல்லுக்கு நிற்பதையும் ரசிக்கலாம்.

6. “நல்ல புத்தகமாகச் சொல்லுங்களேன்” என்று கேட்காதீர்கள். அதற்குப் பதிலாக எல்லாரும் சொல்லும் நாலு பெயர்தான் வரும். கடைசியாகப் பிடித்துப் படித்த மூன்றையும், பாதியில் போட்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியில் போட்டதுதான் உங்கள் ரசனையைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும்.

7. சிபாரிசு செய்கிறவர் ‘அருமை, அவசியம் படி’ என்று அனுப்பினால் யாருக்கும் பயனில்லை. என்ன கதை, எப்படிப் போகும், யாருக்கு ஒத்துவராது என்று மூன்று விஷயம் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்தால் எவ்வளவு உதவி, பாருங்கள்: “அக்கா, மோகமுள். கும்பகோணத்துப் பையன் பாபு, பாட்டு கத்துக்கிறான். தன்னைவிட வயசில் பெரிய யமுனா மேலே மனசு. மெதுவாத்தான் போகும், பக்கமும் நிறைய. சங்கீதம் தெரியாட்டியும் பரவாயில்லை. பக்கத்துக்குப் பக்கம் திருப்பம் வேணும்னா இது உங்களுக்கு இல்லை.” கடைசி வரிதான் முக்கியம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டு இதைப் பற்றியவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்.

8. புத்தகச் சீட்டு. ஆறு பேர் சேருங்கள். மாதம் ஆளுக்கு 100 ரூபாய். குலுக்கலில் பெயர் வந்தவர் அந்த 600 ரூபாய்க்குத் தன் விருப்பப்படி புத்தகம் வாங்குவார். அவர் படித்த பிறகு மற்ற ஐவரிடமும் அது சுற்றி வரும். சுற்று முடிந்ததும் வாங்கியவருக்கே சொந்தம். ஏலமும் தள்ளுபடியும் கிடையாது. ஆறு மாதத்தில் எல்லாருக்கும் ஒரு முறை கிடைத்துவிடும்.

இதற்கு இரண்டு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர், ஏன் வாங்கினேன் என்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். முடிவைச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் முப்பது பக்கமாவது படிக்காமல் ‘எனக்கு வேண்டாம்’ என்று தள்ளக் கூடாது. சமையல் புத்தகம் தவிர வேறெதுவும் வாங்காத வீட்டுக்குள் பூமணியின் நாவலும், துப்பறியும் கதை மட்டுமே படிப்பவர் கைக்கு அம்பையின் சிறுகதைகளும் வந்து சேர்வது இப்படித்தான். சமையல் புத்தகம் வாங்கினாலும் தவறில்லை. அதிலிருந்து ஒன்றைச் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

9. புத்தகம் மாற்றிக்கொள்ளும் நாளில் சுண்டல், அவல், வாழைப்பழம் போதும். பஜ்ஜி வேண்டாம். தாளில் பட்ட எண்ணெய்க் கறை போகாது.

10. இரவல் கொடுப்பவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள்: தேதி, புத்தகம், வாங்கியவர். இன்னும் சுலபம், புத்தகத்தைக் கையில் பிடித்தபடி அவரையே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது. கேட்கக் கூச்சமாக இருந்தால் அந்தப் படத்தை மட்டும் அனுப்புங்கள், புரிந்துவிடும். முதல் பக்கத்தில் எழுதிய பெயர் தாளோடு கிழிந்து போகலாம். உள்ளே ஏதாவது ஒரு பக்க எண்ணை நிரந்தரமாக வைத்துக்கொண்டு எல்லாப் புத்தகத்திலும் அங்கே கையெழுத்திடுங்கள். நூலகங்களில் முத்திரை உள்பக்கத்திலும் இருப்பது இதனால்தான். கையெழுத்துப் போட்டுப் பரிசாக வந்த பிரதியை இரவல் தராதீர்கள். இதில் இரக்கம் பார்க்கக் கூடாது.

11. பன்னிரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கிறார்கள். ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று, கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகாமல் இருப்பதுதான் நஷ்டம். குழுவில் ஆளுக்கொரு கிளையில் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும்.

12. பழைய நூல்களுக்கு இணையம் கைகொடுக்கும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் கல்கி வரை இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அச்சில் இல்லாத பல நூல்கள் கிடைக்கும். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ தளம். கண் மங்கிய பெரியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கலாம் என்பது கூடுதல் லாபம்.

13. பிடிக்காத புத்தகத்தை எத்தனை பக்கம் வரை பொறுத்துக்கொள்வது? அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் ஒரு கணக்கு சொல்வார். ஐம்பது வயது வரை 50 பக்கம். அதற்கு மேல், நூறிலிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள்; வருகிற எண்தான் பக்கம். எழுபது வயதுப் பாட்டி முப்பது பக்கத்தில் மூடி வைத்துவிடலாம். பாட்டிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

14. பழைய புத்தகக் கடையில் வாங்கியதையும், கைமாறி வந்ததையும் நேராக அலமாரியில் வைக்காதீர்கள். தூசியைத் தட்டி, காற்றோட்டமான நிழலில் விரித்து வைத்து, தாள் நடுவே ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகு சேருங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரோடு ஒட்டி அலமாரி இருக்கக் கூடாது. வேப்பிலை போடுவதானால் நன்றாக உலர்ந்த பின் போடுங்கள். பச்சையாகப் போட்டால் ஈரமும் கறையும்தான் மிச்சம். பக்கத்தை மடிக்காமல் பஸ் டிக்கெட்டோ பழைய கல்யாணப் பத்திரிகைத் துண்டோ வைக்கலாம்.

15. முடித்த புத்தகத்துக்கு நோட்டில் நாலு வரி எழுதும்போது, ‘யார் சொன்னது’ என்று ஒரு கட்டம் சேருங்கள். வருடக் கடைசியில் அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். யார் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், யார் சொன்னதை நூலகத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இதை மட்டும் குழுவில் பகிர வேண்டாம்!

16. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கிறது. மற்ற மாவட்டங்களிலும் இப்போது புத்தகத் திருவிழாக்கள் உண்டு. ‘யார் சொன்னது’ நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். விடுமுறை நாளில் கூட்டம் தோளை இடிக்கும். வேலை நாளில் போனால் நின்று நிதானமாகப் பத்துப் பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.